சூட்டுக்கடுப்புன்னு நினைச்சது கிளமிடியாவாம். வீட்டுல எப்படிச் சொல்றது?

பாம்பன்_வாடை | ஞாயிறு, இரவு 10.42

வயசு 29. விசைப்படகுல வேலை. ஏப்ரல் 15ல மீன்பிடித் தடை ஆரம்பிச்சதும் எப்பவும் போல கேரளாப் பக்கம் போட் வேலைக்குப் போனேன். ஜூன்ல அங்கயும் தடை வரும், அதனால மே கடைசியிலயே ஊருக்கு வந்துட்டேன். வந்து பத்து நாள்ல ஒன்னுக்குப் போறப்ப எரிச்சல். நம்ம ஊர் வெயிலுக்கு எல்லாருக்கும் வர்றதுதானேன்னு இளநி, பனங்கற்கண்டு, ஊறப்போட்ட வெந்தயம்னு மூணு வாரம் ஓட்டினேன். குறைஞ்ச மாதிரி இருக்கும், மறுபடி வரும். காலையில எந்திரிச்சா நுனியில தண்ணி மாதிரி ஒரு பிசுபிசுப்பு. கூட வேலை பாக்குற அண்ணன்தான் "சூட்டுக்கு இப்படி ஒழுகாதுடா, டாக்டரைப் பாரு"ன்னாரு. மதுரையில போய்க் காட்டினேன். ஒன்னுக்கு டெஸ்ட்ல கிளமிடியான்னு வந்திருக்கு, உடலுறவு மூலமா ஒட்டுற தொற்றாம்.

மறைக்க விரும்பல. கேரளாவுல இருந்தப்ப ஒரு தடவை தப்பு நடந்துபோச்சு. வீட்டுல அவளுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. கல்யாணமாகி ரெண்டு வருஷம், இன்னும் குழந்தை இல்ல. அதுக்கே அவளைக் குத்திக்குத்திப் பேசுறாக. டாக்டர் ஏழு நாளைக்கு மாத்திரை எழுதிட்டு "மனைவியையும் கூட்டிட்டு வாங்க"ன்னாரு. அவளுக்குத்தான் ஒன்னுமில்லையே, நான் மட்டும் மாத்திரையை முழுங்கிட்டு இதை இப்படியே விட்டுறலாமா? மூணு நாளா தூக்கம் இல்ல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

உச்சிப்புளி_அக்கா | ஞாயிறு, இரவு 11.30

தம்பி, நான் கிராம சுகாதார செவிலியரா இருந்து ஓய்வு பெற்றவ. உங்க கேள்விக்கு நேரா பதில்: விட்டுற முடியாது.

"அவளுக்கு ஒன்னுமில்ல"ன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த ஒரு வரிதான் இந்த நோயோட மொத்தக் கதை. ஆண்கள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு எரிச்சலோ ஒழுக்கோ வரும். பெண்கள்ல பெரும்பாலானவங்களுக்கு எதுவுமே தெரியாது. வலி இருக்காது, நாத்தம் இருக்காது, சிலருக்கு வெள்ளைப்படுறது கொஞ்சம் கூடும், தாம்பத்தியத்துக்கு அப்புறம் லேசா ரத்தக்கறை தெரியும், அவ்வளவுதான். ஆனா கிருமி சும்மா இருக்காது. கர்ப்பப்பை வாயில உட்கார்ந்து, அங்கிருந்து மெல்ல கர்ப்பப்பைக்கும், கருமுட்டை வர்ற குழாய்க்கும் ஏறும். குழாய்க்குள்ள புண்ணாகி ஆறினா தழும்பு விழும். தழும்பு விழுந்தா குழாய் அடைபடலாம், அல்லது பாதி வழியிலயே கரு தங்கிடலாம். குழாய்க் கர்ப்பம்னு சொல்வாங்க. அப்படி ஒரு பொண்ணை நான் 108ல ஏத்திக்கிட்டுப் போயிருக்கேன். அடிவயிறு பிடிச்சுக்கிட்டு, முகம் வெளுத்து, நாடி கையில கிடைக்கல. நேரத்துக்கு அறுவைச் சிகிச்சை நடந்ததால பிழைச்சா. அவளுக்குக் காரணம் இதுதானான்னு யாரும் ஆராயல. ஆனா அன்னையிலிருந்து "எனக்கு வலியே இல்லையே அக்கா"ன்னு ஒரு பொண்ணு சொன்னா நான் அதோட விடுறதில்ல.

இன்னொன்னு. நீங்க மட்டும் மாத்திரை போட்டு சரியாயிட்டீங்கன்னு வைங்க. அவங்ககிட்ட இருந்தா அது அப்படியே திரும்ப உங்களுக்கு வரும். ஒரு தடவை வந்தா மறுபடி வராதுங்கிற கதை இதுல கிடையாது. எத்தனை தடவை வேணாலும் வரும். ஒவ்வொரு தடவையும் குழாய் கெடுற வாய்ப்பு கூடும்.

குழந்தை இல்லாததையும் இதையும் முடிச்சுப் போடாதீங்க. உங்களுக்கு இது வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. ரெண்டு வருஷத்துக்கான காரணத்தை டாக்டர்கிட்ட தனியாக் கேளுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து போய்க் கேளுங்க.

பயப்பட வேண்டாம். இது பாக்டீரியா, மருந்துக்குக் கட்டுப்படும். உலக சுகாதார நிறுவனத்தோட 2020 கணக்குல 15லேருந்து 49 வயசுக்குள்ள மட்டும் அந்த ஒரே வருஷத்துல 12 கோடியே 85 லட்சம் புதுத் தொற்று. உலகத்துல உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்ல.

மண்டபம்_பாசிக்காரி | திங்கள், காலை 6.15

அக்கா, நான் எழுதலாமான்னு தெரியல, எழுதிடுறேன். நாங்க கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போறவுக. இடுப்பளவு தண்ணியில, சில நேரம் முங்கி முங்கி எடுப்போம். ஈரத்துணியோடயே அஞ்சாறு மணி நேரம் கிடப்போம். எங்கள்ல முக்காவாசிப் பேருக்கு வெள்ளைப்படுது, அரிக்குது. கடல் தண்ணியிலேருந்து இந்தக் கிருமி வருமா? படகுல எல்லாரும் ஒரே பாவாடைத் துணியை மாத்திக் கட்டிக்குவோம், அதுல வருமா?

உச்சிப்புளி_அக்கா | திங்கள், காலை 7.50

நல்லா கேட்டே தாயி. வராது. கடல் தண்ணி, துணி, கழிவறை, ஒரே குடத்துத் தண்ணி, ஒரே தட்டு, கொசு, எதுலயும் வராது. இந்தக் கிருமி மனுஷ உடம்போட உயிர்ச்செல்லுக்கு உள்ள இருந்தாத்தான் பெருகும். வெளியில அதுக்குப் பிழைப்பு இல்ல. உடலுறவு மூலமாத்தான் பெரியவங்களுக்குப் பரவுது, வாய்வழி ஆசனவழி உறவும் இதுல சேர்த்தி. அப்புறம் பிரசவத்துல தாய்கிட்டருந்து பிள்ளைக்கு.

உங்க அரிப்பு வேற. ஈரத்துணி இறுக்கமா ஒட்டிக்கிட்டே கிடந்தா பூஞ்சைத் தொற்று வரலாம். தயிர் மாதிரி திரிதிரியா, அரிப்போட வர்றது பெரும்பாலும் அதுதான். மீன் கவுச்சி மாதிரி நாத்தத்தோட சாம்பலா வந்தா அது இன்னொன்னு. மாதவிடாய் நாள் கணக்குப்படி நாத்தமில்லாம, அரிப்பில்லாம வர்ற வெள்ளை நோயே கிடையாது. நம்ம பக்கம் இது மூணையும் அதோட கிளமிடியாவையும் சேர்த்து "உடம்புச் சூடு"ன்னு ஒரே சொல்லுல மூடி வச்சுடுறோம். சூடுன்னு சொன்னா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, அதனாலதான் அந்தச் சொல் இவ்வளவு நாளா நிலைச்சிருக்கு. வெந்தயமும் நுங்கும் குளிர்ச்சிதான், சாப்பிடுங்க. கிருமியை அது கொல்லாது.

கரைக்கு வந்ததும் காஞ்ச துணி மாத்துங்க. அரிப்பு நிக்கலன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல காட்டுங்க.

தொண்டி_அலை | திங்கள், மதியம் 1.20

எனக்கும் போன வருஷம் பாம்பன் தம்பி சொன்ன மாதிரியே இருந்துச்சு. டாக்டர்ட்ட போக வெக்கம். மெடிக்கல்ல சொன்னேன், மூணு மாத்திரை கொடுத்தாங்க, தினம் ஒன்னு. நாலாம் நாள் சுத்தமா நின்னுச்சு. ரெண்டு மாசத்துல திரும்பவும் வந்துச்சு. திரும்ப அதே மூணு மாத்திரை. இப்ப ஒரு பக்க விதை வீங்கி வலிக்குது. இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கா?

உச்சிப்புளி_அக்கா | திங்கள், மதியம் 2.05

இருக்கலாம் தம்பி. இன்னைக்கே போங்க, நாளைக்குன்னு வைக்காதீங்க. விதைக்குப் பின்னால இருக்கிற குழாய் வரைக்கும் தொற்று ஏறினா இப்படி வீங்கும். திடீர்னு கடுமையா வலிச்சா அது விதை முறுக்கிக்கிட்டதாவும் இருக்கலாம், அது சில மணி நேரத்துல பார்க்க வேண்டிய அவசரம். இணையத்துல கேட்டுக்கிட்டு இருக்கிற விஷயம் இல்ல.

மெடிக்கல் மாத்திரை பத்திச் சொல்லணும். எரிச்சலோட ஒழுக்கு வந்தா கிளமிடியா மட்டும் இருக்கணும்னு இல்ல, கொனோரியாவும், நம்ம பெரியவங்க மேகவெட்டைன்னு சொன்னது, கூடவே இருக்கலாம். அதுக்கு மருந்து வேற. அரை மருந்து போட்டா எரிச்சல் அடங்கும், கிருமி அடங்காது. இதே காரணத்தாலதான் அரசு பால்வினை நோய் கிளினிக்ல சிறுநீர்க்குழாய் ஒழுக்குக்குச் சாம்பல் நிற மருந்துப் பை ஒன்னு கொடுக்கிறாங்க. அதுல அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் ஒரே வேளையா இருக்கும். ஒன்னு கிளமிடியாவுக்கு, இன்னொன்னு கொனோரியாவுக்கு. பெண்களுக்கு அடிவயித்து வலியோட வந்தா மஞ்சள் நிறப் பை, அது பதினாலு நாள் சாப்பிடுறது. நிறம் வச்சதே குழப்பம் வரக்கூடாதுன்னுதான். அந்த மூணு மாத்திரை என்னன்னு உங்களுக்கும் தெரியல, எனக்கும் தெரியல. அதோட உங்க துணைக்கு மருந்து கொடுத்ததாவும் நீங்க சொல்லல. ரெண்டு மாசத்துல திரும்பி வந்ததுல ஆச்சரியம் என்ன?

பரமக்குடி_லேப் | திங்கள், மாலை 6.40

பரிசோதனைக்கூடத்துல வேலை செய்றேன், என் பங்குக்குக் கொஞ்சம் சொல்றேன். "யூரின் கல்ச்சர் எடுத்தேன், ஒன்னும் இல்லைன்னு வந்துச்சு"ன்னு பலரும் நிம்மதியாப் போயிடுறாங்க. சாதாரண கல்ச்சர் தட்டுல கிளமிடியா வளரவே வளராது. அக்கா சொன்ன மாதிரி அதுக்கு உயிர்ச்செல் வேணும். அறிக்கையில சீழ் செல் நிறைய இருக்கு, ஆனா கிருமி வளரலன்னு வந்தா, அந்த இடத்துலதான் கிளமிடியாவைச் சந்தேகப்படணும். அதைக் கண்டுபிடிக்க மரபணுவைப் பெருக்கிப் பார்க்கிற பரிசோதனை இருக்கு. பிசிஆர்னு கேட்டா புரியும்.

ஆண்கள் சாம்பிள் கொடுக்கிறப்ப ஒரு தப்பு செய்றாங்க. மத்த யூரின் டெஸ்ட்டுக்கு நடுவுல வர்றதைப் பிடிக்கச் சொல்வோம். இதுக்கு முதல்ல வர்ற கொஞ்சத்தைத்தான் பிடிக்கணும், அதுக்கு முன்னாடி ஒரு மணி நேரமாவது போகாம இருக்கணும். பெண்களுக்கு யூரினைவிட உள்ளே பஞ்சுக்குச்சி வச்சு எடுக்கிற சாம்பிள் நல்லது. அவங்களே திரைக்குப் பின்னால போய் எடுத்துக் கொடுக்கலாம், யாரும் பார்க்க வேண்டியதில்ல. இதைச் சொன்னதும் பாதிப் பேர் முகத்துல பயம் போயிடும்.

மருந்து முடிஞ்ச மறுவாரமே "போயிடுச்சா பாருங்க"ன்னு வராதீங்க. செத்த கிருமியோட மிச்சம் இன்னும் உள்ள இருக்கும், பரிசோதனை இருக்குன்னே காட்டும். நாலு வாரமாவது போகணும். அதே மாதிரி தொடர்பு நடந்த மறுநாளே சோதிச்சாலும் தெரியாது, ரெண்டு வாரம் போகட்டும்.

சேதுக்கரை_பெரியவர் | திங்கள், இரவு 8.30

நான் 64 வயசுக்காரன். யாரையும் புண்படுத்த எழுதல. நம்ம பிள்ளைகள், பேத்திகள் எல்லாம் படிக்கிற இடம் இது. ஒழுங்கா ஒருத்தனுக்கு ஒருத்தின்னு இருந்தா இந்த நோய் ஏன் வருது? அதைச் சொல்லிக் கொடுக்காம மருந்துப் பை நிறம், மாதிரி எடுக்கிற முறைன்னு எழுதிக்கிட்டு இருந்தா, தப்பு செய்றவனுக்குத் தைரியம் கொடுத்த மாதிரி ஆகாதா?

கீழக்கரை_லாத்தா | திங்கள், இரவு 11.55

பெரியவர் அவர்களுக்கு மரியாதையோட எழுதுறேன். ஒருத்தனுக்கு ஒருத்தின்னு இருந்தவ நான்.

எனக்கு 22 வயசுல கல்யாணம். மச்சான் துபாயில. வருஷத்துக்கு 40 நாள் லீவு, அதுல விருந்து, உறவு, கந்தூரின்னு பாதி போயிடும். நாலு வருஷம் பிள்ளை இல்ல. உம்மா என்னை மதுரைக்குக் கூட்டிட்டுப் போனாக. கர்ப்பப்பைக்குள்ள சாயம் ஏத்தி எக்ஸ்ரே எடுத்தாக, இடது பக்கக் குழாய் அடைச்சிருந்துச்சு. ரத்தத்துல பார்த்ததுல எப்பவோ கிளமிடியா வந்து போன அடையாளம் இருக்குன்னாக. அந்தச் சொல்லையே அன்னைக்குத்தான் கேள்விப்பட்டேன்.

மாமி வீட்டுக்கு விஷயம் எட்டுச்சு. புருஷன் ஊர்ல இல்லாத பொம்பளைக்கு இந்த நோய் எப்படி வந்துச்சுன்னு கேட்டாக. என் வாப்பாவை வரச்சொல்லி வச்சுக் கேட்டாக. வாப்பா பதில் பேசாம எந்திரிச்சு வந்துட்டாக, அன்னைக்கு ராத்திரி சாப்பிடல. நான் தப்பு செய்யலன்னு எனக்குத் தெரியும், ஆனா அதை எந்தக் காகிதத்தை வச்சு நிரூபிக்கிறது? டாக்டரம்மாதான் ரெண்டு குடும்பத்தையும் உட்கார வச்சுச் சொன்னாக: "இந்த ரத்தப் பரிசோதனை எப்ப வந்துச்சுன்னு சொல்லாது, யார்கிட்டருந்து வந்துச்சுன்னும் சொல்லாது. அறிகுறி இல்லாம மாசக்கணக்கா, வருஷம் தாண்டியும் உடம்புல இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடியே புருஷனுக்கு இருந்திருந்தாலும் அவருக்கே தெரிஞ்சிருக்காது." மச்சான் அடுத்த லீவுல வந்து, கல்யாணத்துக்கு முன்னால நடந்த ஒன்னை என்கிட்ட சொல்லி அழுதாக. அதை மாமிகிட்ட இன்னும் சொல்லல. நானும் சொல்லல.

வலது குழாய் நல்லா இருந்ததால மக பொறந்தா. இப்ப மூணு வயசு.

பெரியவரே, ஒழுக்கத்தை நானும் மதிக்கிறேன். ஆனா ஒழுக்கத்தை மட்டும் பேசினா, பரிசோதனையில முதல்ல மாட்டுறவதான் ஒழுக்கங்கெட்டவன்னு ஆகுது. பிள்ளை இல்லைன்னா முதல்ல ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போறது பொம்பளையைத்தானே? அதனால முதல்ல மாட்டுறதும் அவதான்.

சேதுக்கரை_பெரியவர் | செவ்வாய், காலை 5.40

படிச்சேன் மகளே. நான் அந்தக் கோணத்துல யோசிக்கல. உங்க வாப்பா எந்திரிச்சு வந்ததைப் படிச்சதும் எனக்கும் பேச்சு வரல. நீங்க எழுதுங்க, எல்லாரும் எழுதுங்க.

உச்சிப்புளி_அக்கா | செவ்வாய், காலை 9.10

லாத்தா எழுதினதுக்கு மேல நான் என்ன சொல்ல. அதுல ஒரு இடத்தை மட்டும் விரிக்கிறேன். கர்ப்பமானதும் எல்லாத் தாய்மாருக்கும் எச்ஐவி, சிஃபிலிஸ் பார்க்கிறோம். கிளமிடியாவை அப்படி வழக்கமாப் பார்க்கிறதில்ல. அரசு கிளினிக்லயும் அறிகுறியை வச்சுத்தான் மருந்து. அறிகுறியே இல்லாத பொம்பளை அந்த வலையில சிக்கவே மாட்டா. அவளைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் இருக்கிற வழி, அறிகுறி வந்த ஆம்பளை வாயைத் திறக்கிறதுதான். பாம்பன் தம்பி, நீங்க அந்த இடத்துல நிக்கிறீங்க.

தாய்க்கு இருந்து பிரசவத்துல பிள்ளைக்கு ஒட்டினா, பிறந்து அஞ்சு நாள்லேருந்து பன்னெண்டு நாளுக்குள்ள கண்ணு வீங்கிப் பீளை கட்டும். ஒன்னுலேருந்து மூணு மாசத்துக்குள்ள காய்ச்சல் இல்லாம விட்டுவிட்டு இருமுற நிமோனியா வரலாம். தாய்ப்பாலைக் கண்ணுல பீச்சிட்டு விட்டுறாதீங்க. இதே கிருமி இனத்தோட வேற வகைதான் கண்ணுல டிராக்கோமா வந்து இமையை உள்ள மடக்கிப் பார்வையைப் பறிச்சது. அது கை, துணி, ஈ மூலமாப் பரவுறது, உடலுறவால இல்ல. 2024ல இந்தியாவுல அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையா இல்லைன்னு உலக சுகாதார நிறுவனமே அறிவிச்சிருச்சு. ஒரு வகையை அடக்கியிருக்கோம், அதைப் பத்தி வாய்விட்டுப் பேச முடிஞ்சது.

தம்பி, வீட்டுல சொல்றப்ப ரெண்டு விஷயம். படுக்கையில, இருட்டுல சொல்லாதீங்க, சண்டை போட்ட நாள்லயும் சொல்லாதீங்க. "எனக்கு ஒரு தொற்று இருக்கு, என்னால உனக்கும் வந்திருக்கலாம், அது உன் குழாயைக் கெடுக்குறதுக்கு முன்னாடி மருந்து சாப்பிடணும்"னு நேராச் சொல்லுங்க. அவங்க கோவப்படுறது நியாயம், அதை நீங்கதான் தாங்கணும். வாயால சொல்ல வரலன்னா டாக்டர் முன்னாடி சொல்லுங்க. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில சுகவாழ்வு மையம்னு கேளுங்க, அதுதான் பால்வினை நோய் கிளினிக். எச்ஐவிக்கு நம்பிக்கை மையம் தனி, அங்கயும் ரெண்டு பேரும் ஒரு தடவை பார்த்துக்கங்க. போன்ல கேக்கணும்னா 1097, காசில்ல, பேர் கேக்க மாட்டாங்க. கேரளாவுல அந்தப் பொண்ணுக்கும் தகவல் போகணும், வழி இருந்தா சொல்லிடுங்க. அவ உடம்பும் உடம்புதானே.

பாம்பன்_வாடை | செவ்வாய், இரவு 9.25

சொல்லிட்டேன். திண்ணையில உட்கார்ந்து சொன்னேன். அவ ஒன்னும் பேசல. சட்டியை வச்சுட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. நான் வெளியிலதான் படுத்திருக்கேன்.

மாத்திரை இன்னைக்கு ஆரம்பிச்சேன். டாக்சிசைக்ளின் 100, காலையில ஒன்னு ராத்திரி ஒன்னு. கடலுக்குப் போகலாமா அக்கா?

உச்சிப்புளி_அக்கா | செவ்வாய், இரவு 9.50

சொன்னீங்களே, அது போதும் இன்னைக்கு. அவங்களுக்கு நேரம் கொடுங்க.

இந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு வெயில் சீக்கிரம் சுடும், தோல் சிவந்து பொத்துப்போகும். கடல் வெயிலுக்கு அது ரெண்டு மடங்கு. போகாம இருக்க முடிஞ்சா நல்லது, போனா முழுக்கைச் சட்டை, தலைத்துண்டு கட்டாயம். நிறையத் தண்ணியோட முழுங்குங்க, முழுங்கினதும் படுக்காதீங்க, தொண்டைக் குழாய்ல ஒட்டிப் புண்ணாக்கும். இரும்புச்சத்து மாத்திரை, அல்சருக்குக் குடிக்கிற மருந்து எதுவும் அதே நேரத்துல வேண்டாம். எரிச்சல் மூணாம் நாளே நின்னாலும் ஏழு நாளும் போடணும்.

பாம்பன்_வாடை | புதன், மாலை 5.05

இது அவுக இல்ல. அவுக போன்ல நான் எழுதுறேன். முழுசாப் படிச்சேன், கீழக்கரை அக்கா எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். எனக்குக் கோவம் போகல. போகுமான்னும் தெரியல. ஆனா மருந்து சாப்பிடப் போறேன், அது என் உடம்பு.

எனக்கு மூணு கேள்வி. எனக்கும் அதே மாத்திரையா? எத்தனை நாள் தள்ளி இருக்கணும்? இதுக்கப்புறம் குழந்தைக்கு முயற்சி பண்ணலாமா?

உச்சிப்புளி_அக்கா | புதன், மாலை 5.30

வாம்மா. கோவத்தோடயே வா, அதுல தப்பில்ல.

குழந்தைக்கு முயற்சி பண்ணிக்கிட்டு இருந்தவ நீ, அதனால முதல்ல கர்ப்பம் இருக்கான்னு பார்க்கச் சொல்லு. கர்ப்பமா இருந்தா டாக்சிசைக்ளின் கூடாது, அசித்ரோமைசின் ஒரே வேளையாக் கொடுப்பாங்க. சாம்பிள் கொடுத்துட்டு முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்ல, அவருக்கு உறுதியானதால அன்னைக்கே மருந்து தொடங்குவாங்க. ஏழு நாள் மாத்திரைன்னா ரெண்டு பேருக்கும் முழுசா முடியுற வரைக்கும், ஒரே வேளை மருந்துன்னா அது சாப்பிட்டதுலேருந்து ஏழு நாள், தள்ளி இருங்க. ஒருத்தர் முந்தி முடிச்சா மத்தவருக்காகக் காத்திருக்கணும். மூணு மாசம் கழிச்சு ரெண்டு பேரும் மறுபடி சோதிச்சுக்கங்க, மருந்து வேலை செய்யலங்கிறதுக்காக இல்ல, திரும்ப ஒட்டுறது இதுல சகஜம்கிறதுக்காக. அதுவரை உனக்கு மனசு ஒப்பலன்னா ஆணுறை இல்லாம வேண்டாம்னு சொல்ற உரிமை உனக்கு இருக்கு. சுகாதார நிலையத்துல நிரோத் காசில்லாமக் கிடைக்கும். குழந்தைக்கு முயற்சி தாராளமாப் பண்ணலாம். நேரத்தோட மருந்து எடுத்தா குழாய் கெடாம இருக்கவே வாய்ப்பு அதிகம். வியாழக்கிழமை காலையில நானும் ராமநாதபுரம் வர்றேன், துணைக்கு ஆள் வேணும்னா தனியா எனக்கு எழுது.

பாம்பன்_வாடை | புதன், இரவு 8.15

அவுக போன்ல நான்தான். வர்றேன் அக்கா. ஒன்னு கேக்கணும். எங்க சின்னம்மா பாசிக்குப் போறவுக. ஒரு வருஷத்துக்கு மேல அடிவயித்து வலி, தாம்பத்தியத்துலயும் வலின்னு என்கிட்ட மட்டும் சொல்லியிருக்காக. எல்லாரும் சூடுன்னு சொல்லி வெந்தயம்தான் கொடுத்துக்கிட்டு இருக்கோம். நாளைக்கு அவுகளையும் கூட்டிட்டு வரவா?

உச்சிப்புளி_அக்கா | புதன், இரவு 8.20

கூட்டிட்டு வா. ஒன்பது மணிக்கு முன்னாடி சீட்டு எடுக்கணும், முதல் பஸ்ஸைப் பிடிங்க.